பாலைவனம் நடக்கிறதா?

ஆப்பிரிக்காவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே பரந்து கிடப்பது சகாரா பாலைவனம். அதன் தென் விளிம்பில், அட்லாண்டிக் கடல் முதல் செங்கடல் வரை ஒரு நீண்ட நிலப்பட்டை ஓடுகிறது. இதன் பெயர் சாகெல். 'கரை' எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. மணற்கடலுக்கு இது கரைதானே! இங்குக் கோடையில் மூன்று, நான்கு மாதங்களே மழை பெய்யும். மற்ற மாதங்கள் வறண்டவை.

1968 முதல் 1973 வரை இங்கு மழை பொய்த்தது. 1983, 1984 ஆம் ஆண்டுகளில் மீண்டும் கடும் வறட்சி. புல் கருகியது, ஆடுமாடுகள் மடிந்தன, மக்கள் பட்டினியால் மாண்டனர். பாலைவனம் தெற்கு நோக்கி நடந்து வருகிறது என்ற அச்சம் எங்கும் பரவியது. சூடானில் 1975 இல் நடந்த ஓர் ஆய்வு, அதன் வேகம் ஆண்டுக்கு 5 கிலோமீட்டருக்கும் மேல் என மதிப்பிட்டது. இது உண்மைதானா?

வானிலிருந்து ஓர் அளவை

இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை இலை பெருமளவு திருப்பி அனுப்புகிறது. செயற்கைக்கோள் இவ்விரண்டையும் அளக்கிறது. இரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 'தாவரக் குறியீடு' கிடைக்கும். எடுத்துக்காட்டாக, செழித்த புல்வெளி அகச்சிவப்பில் 50 பங்கும் சிவப்பில் 10 பங்கும் திருப்பி அனுப்பினால், குறியீடு 40/60, அதாவது 0.67. வெற்று மண்ணில் இவை 36, 30 என இருந்தால், குறியீடு 6/66, அதாவது 0.09 மட்டுமே.

இம்முறையில் 1980 முதல் 1990 வரையிலான படங்களை ஆராய்ந்த காம்ப்டன் டக்கரும் உடன் பணியாற்றியோரும் 1991 இல் முடிவை வெளியிட்டனர். 1984 வரை பாலைவனம் தெற்கே விரிந்தது மெய்தான். ஆனால் 1985 இல் மழை கூடியதும், ஒரே ஆண்டில் அதன் விளிம்பு 110 கிலோமீட்டர் வடக்கே பின்வாங்கிவிட்டது!

புல்லும் மரமும்

காரணம் என்ன? இங்குள்ள புற்களில் பல ஒரு பருவமே வாழ்பவை. வறட்சியில் செடி மடிந்தாலும் விதை மண்ணில் உறங்கிக் கிடக்கும். மழை வந்ததும் முளைக்கும். மரங்களின் நிலை வேறு. பட்டுப்போன மரத்தின் இடத்தில் இன்னொன்று வளரப் பல்லாண்டுகள் ஆகும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. புல் மூடாத மண்ணில் மழைத்துளிகள் மோதி, மேற்பரப்பை இறுகிய ஓடாக்குகின்றன. பிறகு பெருமழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும். ஆக, வறட்சி மண்ணைத் திறந்துவிட, பெருமழை அதைக் கொண்டுபோகிறது.

இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் புர்கினா பாசோ நாட்டு உழவர் யாகூபா சவாடோகோ. 'சாய்' எனப்படும் பழைய குழிமுறையை 1980களில் அவர் மேம்படுத்தினார். வறண்ட மாதங்களில் சிறு குழிகள் வெட்டி எரு இடுவார்கள். எருவை நாடி வரும் கறையான்கள் மண்ணைத் துளைக்கும். அத்துளைகளின் வழியே மழைநீர் இறங்கும். தானியத்தோடு மரக்கன்றுகளும் அங்கே எழுந்தன.

செய்து பாருங்கள்

இரண்டு தட்டுகளில் மண் நிரப்புங்கள். ஒன்றில் கேழ்வரகு விதைத்து, பயிர் விரலளவு வளரட்டும். மற்றதை வெறுமனே அழுத்தி உலர விடுங்கள். இரண்டையும் ஒரே சாய்வில் வைத்து, பூவாளியால் ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். வழிந்த நீரைத் தனித்தனியே பிடித்து அளவிடுங்கள். எதில் நீர் மிகுதி? எதில் கலங்கல் மிகுதி? காரணத்தை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.