வில்பத்துவில் நடக்கலாமா?

கேள்வி: ஆரவாரமில்லாத காட்டில் இரண்டு நாள் நடந்து திரிய ஆசை. புத்தளத்துக்குப் பக்கத்திலேயே வில்பத்து இருக்கிறதே, போகலாமா? (வாசகர், சிலாபம்)

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் நடக்க முடியாது. தேசியப் பூங்காவுக்குள் வாகனத்தில்தான் போக வேண்டும். அனுமதித்த இடங்களில் மட்டுமே இறங்கலாம். சிறுத்தையும் கரடியும் உலவும் காட்டில் இது நியாயமான விதிதான்.

நீங்கள் தேடும் அமைதி அங்கே உண்டு. 1938இல் பூங்காவான வில்பத்து 1,300 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்தது. யுத்தத்தால் 1988 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது; பிறகும் சில வருடங்கள் மூடினார்கள். யால போல ஜீப்புகள் வரிசை கட்டுவது இங்கே குறைவு. காட்டின் உயிர்நாடி வில்லுகள், அதாவது மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்கள். விசித்திரம், இவற்றில் சில உப்புநீர் வில்லுகள். வெயில் காலத்தில் மற்ற நீர்நிலைகள் வற்ற, மிருகங்கள் வில்லோரம் வந்துவிடும். பாலைப்பழம் பழுத்தால் கரடிக்குக் கொண்டாட்டம், மரத்திலேயே ஏறிவிடும். மேற்கே பொம்பரிப்பில் பண்டைய தாழிக்காடு, அதாவது இறந்தோரைத் தாழிகளில் புதைத்த இடம், இருக்கிறது. தமிழகத்தின் தாழிக்காடான ஆதிச்சநல்லூரைப் பற்றி வாசித்தவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

புத்தளத்திலிருந்து எழுவன்குளம் வாசல்தான் உங்களுக்குக் கிட்ட. காலையிலேயே உள்ளே போய்விடுங்கள். திரும்பும்போது கங்கேவாடியில் படகேறி, கலா ஓயா முகத்துவாரத்துக் கண்டல் காட்டையும் பாருங்கள்.

கால்கள் அடம்பிடித்தால் ஹோட்டன் சமவெளிக்குப் போங்கள். அங்கே நடக்க அனுமதி உண்டு. குளிருக்குச் சுவெட்டர் அவசியம்.