எம்-இருபதுன்னா, இருபது என்ன தம்பி?



மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு கவிதை. எனக்குக் கவிதை வராது, வருவதெல்லாம் கலவை விகிதம்தான். கடந்த ஏழெட்டு மாதத்தில் நான்கு இன்டர்வியூவுக்குப் போய், மூன்றில் வெறுங்கையோடு திரும்பியவன் என்ற தகுதியில் நம்ம சிவில் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் பொறுத்தருள்க.

முதல் இன்டர்வியூ ஒரு அடுக்குமாடிக் கட்டுமானக் கம்பெனியில். சைட் சூப்பர்வைசர் வேலை. அண்ணனுடைய சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலை நரைத்தவர், வெயிலிலேயே கிடந்த முகம்.

"எம்-20 விகிதம் என்ன தம்பி?"

"ஒண்ணுக்கு ஒண்ணரைக்கு மூணு சார்."

"சரி. அந்த 20 என்ன?"

"ஸ்ட்ரெங்த் சார்."

"எதோட ஸ்ட்ரெங்த்? எத்தனை நாள்ல? எதை வெச்சுப் பாத்தாங்க?"

அவ்வளவுதான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் லேபில் நானே கியூப் போட்டிருக்கிறேன். மோல்டுக்கு எண்ணெய் தடவி, தண்ணித் தொட்டியில் போட்டு, நசுக்கிப் பார்த்து, ரிக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கியாச்சு. அந்தக் கியூபும் இந்த 20-ம் ஒரே விஷயம்தான் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. "போயிட்டு வாங்க தம்பி, லெட்டர் போடறோம்" என்றார்கள். இன்னும் போடவில்லை.

பதில் இதுதான். 150 மி.மீ. கனசதுரம், 28 நாள் நீரில் பதப்படுத்தியது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்கணும். கியூபின் ஒரு முகம் 22,500 ச.மி.மீ., ஆக மெஷின் 450 கிலோ நியூட்டன் காட்டணும். அதாவது ஏறக்குறைய 46 டன். நம்ம இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு கான்கிரீட் கட்டி அத்தனை பாரம் தாங்குகிறது என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டால் இந்த எண் மறக்காது. ஒரு சாம்பிளுக்கு மூன்று கியூப், சராசரி எடுக்கணும். மூன்றில் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த சாம்பிளே செல்லாது. 'கேரக்டரிஸ்டிக்' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். நூறு ரிசல்ட் எடுத்தால் ஐந்துக்கு மேல் 20-க்குக் கீழே போகக்கூடாது என்று அதற்கு அர்த்தம்.

ஒன்று : ஒன்றரை : மூன்று என்பது எம்-20க்கான நாமினல் மிக்ஸ் மட்டுமே. ஐ.எஸ். 456 (2000) நாமினல் மிக்ஸை எம்-20 வரைக்கும்தான் அனுமதிக்கிறது. "எம்-30 விகிதம் சொல்லு" என்று யாராவது கேட்டால் அது தூண்டில். வாய்ப்பாடு மாதிரி ஒரு விகிதத்தை ஒப்பிக்காமல், "டிசைன் மிக்ஸ் பண்ணணும் சார்" என்று சொல்லுங்கள்.

அந்த நான்கு இன்டர்வியூவிலும் முதல் கேள்வி புத்தகத்திலிருந்துதான் வந்தது. அது கதவைத் தட்டுகிற மாதிரி. ஆளை எடுப்பதா வேண்டாமா என்பது இரண்டாவது, மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. "ஏன்?" என்று ஒன்று, "சைட்ல இதை எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று ஒன்று. நாம் படிப்பது எல்லாம் முதல் கேள்விக்கு மட்டும். பிளாட்பாரக் கடையில் விற்கிற 'ஆயிரம் கேள்வி பதில்' புத்தகமும் அதோடு நின்றுவிடும். மத்திய அரசு வேலைகளில் குரூப் சி-க்கும், கெஜட்டட் அல்லாத குரூப் பி-க்கும் 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவையே எடுத்துவிட்டார்கள். அங்கே எழுத்துத் தேர்வுக்கு மனப்பாடம் ஓரளவு கைகொடுக்கலாம். தனியார் கம்பெனியில் எதிரே ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டாவது இன்டர்வியூவில் கேட்டது தண்ணீர்.

"கான்கிரீட் கெட்டியா இருக்கு. மேஸ்திரி ஒரு குடம் தண்ணி ஊத்தச் சொல்றார். உங்க அப்பா வயசு அவருக்கு. என்ன செய்வே?"

"ஊத்தக்கூடாதுன்னு சொல்லுவேன் சார்."

"கேக்கலேன்னா?"

முழித்தேன். எந்த பேப்பரிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை. பிறகு ட்ரெயினிங்கின்போது ஒரு சீனியர் சூப்பர்வைசர் அண்ணன் சொல்லிக்கொடுத்தார். 'கூடாது' என்று மட்டும் சொன்னால் மேஸ்திரி கேட்கமாட்டார், ஏனென்றால் அவருக்கு வேலை ஓடணும். ஏன் கெட்டியா இருக்கு என்று முதலில் பார். சைட்டிலேயே கலக்கினால் மூட்டைக்கு எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று அளந்து பார் (50 கிலோ மூட்டைக்கு எம்-20 நாமினல் மிக்ஸில் அதிகபட்சம் 30 லிட்டர்). மணல் காய்ந்து கிடந்ததா, ஈரமா? ரெடிமிக்ஸ் லாரி என்றால் பிளாண்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று சீட்டைப் பார். கூம்பை வைத்து ஸ்லம்ப் எடு. கூம்பு 300 மி.மீ. உயரம், கீழே 200, மேலே 100. ஒவ்வொரு அடுக்குக்கும் 25 குத்து. டிராயிங்கில் கேட்ட ஸ்லம்ப் வரவில்லை என்றால் இன்ஜினியருக்குப் போன் போடு, பிளாண்ட் ஆளைக் கூப்பிடு. அட்மிக்ஸ்சர் சேர்ப்பதா, லாரியைத் திருப்பி அனுப்புவதா என்பதை அவர்கள் முடிவு பண்ணட்டும். வெறும் தண்ணீர் மட்டும் உள்ளே போகக்கூடாது. போனால் நடந்ததை சைட் ரிஜிஸ்டரில் எழுது. இவ்வளவையும் நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் அந்த வேலை எனக்குத்தான்.

தண்ணீர் கூடினால் ஏன் பலம் குறையும் என்றும் தொடர்ந்து கேட்பார்கள். சிமெண்ட் தன் வேலைக்கு எடுத்துக்கொள்வது போக மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போகும், போன இடம் ஓட்டையாக நிற்கும். ஓட்டை கூடினால் பலம் குறையும், அதே ஓட்டை வழியாக ஈரம் இறங்கிக் கம்பியும் துருப்பிடிக்கும். இதற்கு மேல் யாரும் நம்மிடம் கேட்கப்போவதில்லை.

மூன்றாவது இன்டர்வியூதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "ஜன்னல் மேல ஒரு சன்ஷேட் போடு. மெயின் கம்பி எங்கே வரும்னு காட்டு" என்றார். சிலாப் நினைப்பிலேயே கீழ்ப்பக்கம் கம்பியைப் போட்டுக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து, "தம்பி, சென்ட்ரிங் பிரிச்சா இது ஆள் மேல விழும்" என்றார்.

சிலாப் இரண்டு பக்கமும் சுவரில் உட்காருகிறது, நடுவில் தொய்யும், இழுவிசை கீழே. அதனால் கம்பி கீழே. சன்ஷேடுக்கு ஒரு பக்கம்தான் பிடி. நுனி தொங்கப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும், அதனால் மெயின் கம்பி மேலே. கேன்டிலீவர் பால்கனிக்கும் இதே கதை. இது செகண்ட் இயரிலேயே படித்ததுதான், பெண்டிங் மொமெண்ட் டயாகிராம் போட்டு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். படத்தில் வளைவு மேலே போனால் கம்பியும் மேலே போகணும் என்று சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

சைட்டில் இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பியைச் சரியாக மேலே கட்டி வைத்திருப்பார்கள். கான்கிரீட் கொட்டும்போது சித்தாள் அதன் மேலேயே ஏறி மிதித்துக்கொண்டு போவார், கம்பி கீழே இறங்கிவிடும். கான்கிரீட் மூடிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்குத்தான் 'சேர்' என்று வளைத்த கம்பியை அடியில் முட்டுக்கொடுத்து வைக்கிறார்கள். லிண்டலுக்கு மேலே சுவர் ஏறி பாரம் உட்காருவதற்கு முன்னால் சன்ஷேடின் முட்டைப் பிரிக்கவும் கூடாது. பிரித்தால் மொத்தமாகக் கவிழும். இன்டர்வியூவில் இந்த இரண்டையும் நீங்களாகவே சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். சைட்டில் சொல்ல மறந்தால் கீழே நிற்பவர் வீடு திரும்பமாட்டார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பி எடைக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்குக் கிலோ வரும். 12 மி.மீ.க்கு 0.89, 16-க்கு 1.58. "162 எங்கிருந்து வந்தது?" என்று கட்டாயம் கேட்பார்கள். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. வட்டப் பரப்பு சூத்திரத்தில் விட்டத்தை மி.மீ.யில் போட்டுப் பெருக்குங்கள், தானாக வரும். இன்றிரவே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கவர் சாதாரணச் சூழலில் சிலாபுக்கு 20, காலத்துக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50 மி.மீ. கடலோரம் என்றால் கூடும். எஃப்.இ. 500 டி-யில் 'டி' என்பது டக்டிலிட்டி, அறுந்துபோகுமுன் 16 சதவீதமாவது நீளணும், வெறும் 500-க்கு 12 போதும். முட்டுப் பிரிக்க சாதா சிமெண்ட் என்றால் 4.5 மீட்டர் வரையுள்ள சிலாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14. இப்போது பல சைட்டில் வருவது பி.பி.சி. சிமெண்ட், அதற்கு க்யூரிங் 7 நாள் பத்தாது, குறைந்தது 10. கான்கிரீட்டை 1.5 மீட்டருக்கு மேலிருந்து கொட்டாதே.

நம்ம ஊர்க் கணக்கையும் மறக்கவேண்டாம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6, மணல் ஒரு யூனிட் 100 கன அடி, ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. கம்பெனி எத்தனை பெரிசானாலும் லாரிக்காரர் யூனிட்டில்தான் பேசுவார்.

தோழியருக்கு மட்டும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். "ராத்திரி கான்கிரீட் போடுவாங்க, இருப்பியாம்மா?" எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, "போக்குவரத்து வண்டியும் பாத்ரூமும் இருந்தா இருப்பேன் சார். பசங்களுக்கும் அதெல்லாம் வேணும்தானே?" என்றாளாம். எடுத்துவிட்டார்கள். எனக்கு முந்தியே வேலைக்குப் போய்விட்டாள்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும். ஆனால் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். ஜெராக்ஸ் கொடுத்தால் போதும். "ரெண்டு வருஷத்துக்கு எங்ககிட்ட இருக்கட்டும்" என்று சொன்ன இடமும் உண்டு. சம்பளத்தோடு சேர்த்து தங்குமிடம், பி.எஃப்., சேஃப்டி ஷூ பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நான்காவது இன்டர்வியூவில் டயாஃப்ராம் வால் பற்றிக் கேட்டார்கள். "பாத்ததில்லை சார். ஆனா ட்ரெயினிங்ல பைல் போடும்போது பென்டோனைட் கலந்து ஊத்தினாங்க, குழியோட பக்கம் சரியாம தாங்கறதுக்கு. அது மட்டும் தெரியும்" என்றேன். "இதுக்கும் அதேதான் ஊத்துவோம்" என்று அவரே பேப்பரில் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிஷம் எனக்குப் பாடம் நடந்தது. கடைசியில் எப்போது சேர முடியும் என்று கேட்டார்.

பரீட்சை முடிந்த மறுவாரம் சேரணும். அதுவரைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஹாஸ்டல் மெஸ் வராண்டாவில் இருப்பேன். இரண்டு பேராக வாருங்கள். ஒருவர் கேள்வி கேட்கணும், மற்றவர் பதில் சொல்லணும், நான் நடுவில் "ஏன்?" என்று மட்டும் கேட்பேன். டீ உங்கள் செலவு.