ஒவ்வாமை நோயும் மருத்துவர் சங்கங்களின் கடமையும்

தும்மலும் மூக்கடைப்பும் உயிரைப் பறிப்பவை அல்ல. அதனாலேயே திட்டமிடுவோரின் கணக்கில் அவை எளிதில் இடம்பெறுவதில்லை. ஆயினும் மூக்கும் நுரையீரலும் ஒரே சுவாசப் பாதையின் இரு பகுதிகளாம். மூக்கில் தோன்றும் ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள நெருங்கிய தொடர்பை, உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 2001-இல் வெளிவந்த அறிக்கை விரிவாக எடுத்துரைத்தது. உறக்கம் கெட்ட தொழிலாளியின் உழைப்பும், பாடத்தில் மனம் ஊன்றாத மாணவனின் படிப்பும் நாட்டுக்கு நேரும் இழப்புகளே; அவற்றை அளந்து எழுதுவார்தாம் இல்லை.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் இத்துறைக்கு வந்தது தம் அனுபவத்தின் வழியே. அறுவைக்குப் பின்னும் மூக்கடைப்பு தீராத நோயாளிகள் அவர்களிடமே திரும்பி வந்தனர். அமெரிக்காவில் பிரெஞ்ச் ஹான்சல் 1936-இல் மூக்கின் ஒவ்வாமை பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். கண், காது, மூக்கு, தொண்டை ஒவ்வாமைக்கென அங்கு 1941-இல் தனிச் சங்கமும் தோன்றிற்று.

இத்தகைய சங்கத்தால் நாட்டுக்கு என்ன பயன்? ஒரு மருத்துவர் தம் சிகிச்சையகத்தில் பங்குனி மாதத்தில் கூட்டம் பெருகுவதைக் காண்கிறார். அது அவர் ஒருவரின் அனுபவம் மட்டுமே. நூறு மருத்துவர்கள் தாம் கண்டதை ஒரே படிவத்தில் எழுதி ஓரிடத்தில் சேர்த்தால் அது புள்ளிவிவரமாகிவிடும். காற்றில் எந்த நாளில் எந்த மகரந்தம் எவ்வளவு மிதக்கிறது என்னும் செய்தியும் இவ்வகையைச் சார்ந்ததே. அதைத் திரட்டுவது செலவு. வெளியிட்டபின் எல்லோருக்கும் இலவசம். எனவே வணிகர் அதை நாடார். பொருளியலார் பொதுப் பண்டம் என்று வழங்குவது இதையே.

அமெரிக்காவில் இப்பணியைச் செய்வது அரசுத் துறை அன்று. ஒவ்வாமை மருத்துவர் சங்கம் ஒன்று, பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்ட கணக்கெடுப்பு நிலையங்களின் வாயிலாக நடத்தி வருகிறது. நம் நாட்டிலோ, தில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் டாக்டர் சிவபுரி முன்னோடியாகத் தொடங்கிய ஆய்வுகள் இருந்தும், சண்டிகர் நகருக்கென ஒரு மகரந்த நாட்காட்டி 2022-இல்தான் வெளிவந்தது. அதுவும் ஆராய்ச்சி நிறுவனங்களின் முயற்சி. ஓர் ஊரின் நாட்காட்டி மற்றோர் ஊருக்குப் பயன்படாது. தில்லியில் இளவேனிலில் சில்பில் மரம் துன்புறுத்துகிறது; பெங்களூரிலோ பார்த்தீனியம் களை. ஆகவே ஊர்தோறும் கிளை உள்ள அமைப்பே இதற்கு ஏற்றது.

மருந்தின் தரம் மற்றொரு சிக்கல். தோல் சோதனைக்கும் ஊசி சிகிச்சைக்கும் நம் நாட்டில் விற்கப்படும் சாறுகள் பெரும்பாலும் எடை, கொள்ளளவு விகிதத்திலேயே குறிக்கப்படுகின்றன. ஒவ்வாமை ஊட்டும் புரதம் அதில் எவ்வளவு என்பது அக்குறியினால் தெரியாது. ஒரு புட்டிக்கும் அடுத்த புட்டிக்கும் வீரியம் மாறலாம். தரநிர்ணயம் வேண்டுமெனத் தனி மருத்துவர் எழுதும் கடிதத்தைவிட, ஒரு சங்கத்தின் தீர்மானத்துக்கு அலுவலகங்களில் மதிப்பு அதிகம். கோப்புகளோடு பழகியவன் என்ற முறையில் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆனால் அத்தீர்மானத்தின் மதிப்பு, சங்கத்தின் மாநாட்டுச் செலவை யார் ஏற்கிறார் என்பதைப் பொறுத்தது. மருந்து நிறுவனங்களிடமிருந்து பெறும் அன்பளிப்புகளைத் தடுக்கும் விதி 2009-இல் வந்தபோது, மருத்துவர்களோடு அவர்தம் சங்கங்களையும் கட்டுப்படுத்தியது. 2016-இல் செய்யப்பட்ட திருத்தம் சங்கங்களை அதிலிருந்து நீக்கிவிட்டது. இது தவறான படி என்றே கருதுகிறேன். மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அம்மருந்தே அடைப்பை உண்டாக்கும் என்று மக்களுக்குச் சொல்லவேண்டிய சங்கம், அதே மருந்தை விற்பவரின் பந்தலில் கூடுவது எங்ஙனம் பொருந்தும்? உறுப்பினர் சந்தாவைச் சற்று உயர்த்தி, ஆண்டு மாநாட்டை எளிய முறையில் நடத்தினால், மிஞ்சும் தொகையில் சில நகரங்களிலாவது மகரந்தம் பிடிக்கும் கருவியை நிறுவித் தொடங்கலாம்.