மலைநாட்டில் மூச்சறிதல்



லடாக்கிலுள்ள லே நகருக்கு யாத்திரை செல்ல விரும்பும் உபாசகர் சிலர், "ஆனாபானசதி பயின்றவனுக்கும் மலையில் மூச்சு முட்டுமோ?" என வினவுகின்றனர். முட்டும். பயின்றவனுக்கும் பயிலாதவனுக்கும் உடலின் இயல்பு ஒன்றே.

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கே. ஆயின் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்களவே ஆதலின், ஒவ்வொரு மூச்சிலும் கிட்டும் பிராணவாயு குறைகின்றது. உடல் நம்மைக் கேளாமலே மூச்சை மிகுவிக்கின்றது. அதனால் கரியமிலவாயு அளவுக்கு மேல் வெளியேறுகின்றது. மூச்சைத் தூண்டுவது பெரும்பாலும் அவ்வாயுவே. அது குறையவே, உறக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, பின் நெடுமூச்சாக எழும். முதலிரவில் திடுக்கிட்டு விழிப்போர் பலர். சிறுநீரகங்கள் குருதியில் மிகுந்த காரத்தைச் சில நாட்களில் கழித்து இத்தடையைத் தளர்த்துகின்றன.

இனிப் பாடத்திற்கு வருவோம். சில நாட்கள் சென்றபின் யாத்திரிகன், "மூச்சு பழையபடி ஆயிற்று" என்பான். ஆகவில்லை. அளந்து பார்ப்பின், சமவெளியில் விட்டதினும், மலையேறிய முதல் நாளினும் மிகுதியாகவே அவன் மூச்சு விடுகின்றான். குருதியில் பிராணவாயு சற்று உயர்ந்தது மெய்யே. ஆயினும் மூச்சின் உழைப்பு குறையவில்லை. அதனை மிகையென்று காட்டிய உணர்வே மாறிற்று.

நெசவாலையில் நான் சேர்ந்த முதல் வாரம் தறிகளின் இரைச்சல் தலையைப் பிளந்தது. சில மாதங்களில் அது பெரிதாகத் தோன்றவில்லை. இரைச்சல் தணிந்ததென்றே நம்பினேன். என் செவி தேய்ந்திருந்ததைப் பிற்காலத்தில் மருத்துவர் சொல்லியே அறிந்தேன்.

வேதனையை நுகர்ச்சி என்றும், சஞ்ஞையைக் குறிப்பு என்றும் நம் முன்னோர் தமிழில் வழங்கினர். திணறல் நுகர்ச்சி, "இது மிகை", "இது இயல்பு" என்பன குறிப்பு. இவ்விரண்டும் மூச்சாகா. நெடுமூச்சை நெடியதென்றும் குறுமூச்சைக் குறியதென்றும் அறியுமாறே பகவான் பணித்தார். குறுமூச்சை நெடிதாக்கச் சொல்லவில்லை, திணறலைப் பொறுத்து வெல்லவும் சொல்லவில்லை.

ஆகையால் அங்கே சென்றதும் இரண்டு நாட்கள் ஓய்ந்திருங்கள். மேலேறும் பயணம் பின்னர் ஆகட்டும். தலைவலியும் குமட்டலும் கண்டால் மேலும் ஏறவேண்டா. சும்மா அமர்ந்திருக்கையிலும் மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, தியானத்தில் அமராதீர்கள். துணையுடன் உடனே கீழிறங்கி மருத்துவரைக் காணுங்கள். இரவாயினும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.