புள்ளிப் புலியும் கண்கண்ட சான்றும்

'புலி' என்னும் ஒரே சொல்லைக் கொண்டு எத்தனை விலங்குகளைக் குறித்து வருகிறோம் என்பதை நம்மிற் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. சின்னசேலத்தினின்று வடமேற்கே நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் தோன்றும். அதன் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் அந்தி மயங்கும் வேளையில் ஓடிவந்து, "புலியைக் கண்டேன்" என்று கூறுவதாக வைத்துக்கொள்வோம். அவன் கண்டது வரிப்புலியா, சிறுத்தையா, பூனைக் குலத்தைச் சேராத கழுதைப்புலியா? கேட்டவருள் ஒருவர் சிரித்துவிட்டுப் போவார். மற்றொருவர் தடியை எடுப்பார். இவ்விருவருமே அச்சிறுவனிடம் வினவ வேண்டியவற்றை வினவினாரல்லர். அவ்வினாக்கள் யாவை என்பதும், அவற்றை உரிய காலத்தில் வினவாமையால் நம் நாடு இழந்தது யாது என்பதுமே ஈண்டு எழுதப் புகுந்த பொருளாம்.

முதற்கண் பெயரைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். மலையிலும் காட்டிலும் பதுங்கி வாழ்ந்து, இரையை மரக்கிளையில் ஏற்றிவைக்கும் வலிமையுடைய புள்ளி விலங்கு சிறுத்தை. வெட்டவெளியில் மானைத் துரத்தி ஓடிப் பிடிக்கும் புள்ளி விலங்கு சிவிங்கி. இப்பின்னதையே ஆங்கிலேயர் 'சீட்டா' என்பர். அச்சொல்லும் நம் நாட்டதே. 'புள்ளிகளையுடையது' எனப் பொருள்படும் வடசொல்லினின்று இந்துஸ்தானி வழியாக ஆங்கிலத்திற் புகுந்தது. நாம் வழங்கும் 'சித்திரம்' என்பதற்கு உறவுடையது. 'சிவிங்கி' என்று தனிப்பெயர் ஒன்று தமிழில் வழங்கிற்றென்றால், அவ்விலங்கைத் தமிழர் பிரித்தறிந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதின்று. இக்காலத்துச் செய்தித்தாள்களோ இரண்டையும் 'சிறுத்தை' என்றே எழுதி வருகின்றன. உள்ள சொல்லை மறந்துவிட்டுப் பெயரில்லையென வருந்துவது நம்மவர்க்குப் பழகிப்போன வழக்கம். இக்குழப்பத்தில் வெள்ளையரும் நமக்கு இளைத்தவரல்லர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த தோட்டத் துரைமார் சிறுத்தையையே 'சீட்டா' என அழைத்துவந்தனர். இலங்கையிலோ உண்மைச் சிவிங்கி இருந்ததேயில்லை. ஆகவே பழைய நூல்களில் அப்பெயரைக் கண்டவுடன் சிவிங்கி இருந்ததாகக் கொள்ளுதல் கூடாது. எவ்வடையாளத்தைக் கண்டு எழுதினார் என்று தேடுதல் வேண்டும்.

அடையாளங்கள் ஐயத்துக்கு இடமில்லாதவை. சிறுத்தையின் புள்ளிகள் தனிப்புள்ளிகளல்ல. உடம்பின் பக்கங்களில் அவை உடைந்த கரிய வளையங்களாய், நடுவே மஞ்சள் நிறம் பொதிந்து, பூவிதழ் வைத்தாற்போல் அமைந்திருக்கும். சிவிங்கியின் புள்ளிகளோ விரல் நுனியில் மை தொட்டு வைத்தாற்போல் முழுக் கறுப்பாய், உருண்டையாய், தனித்தனியாய் இருக்கும். அதன் கண்ணின் உள்மூலையினின்று வாயின் ஓரம்வரை கண்ணீர் வழிந்த தடம்போல ஒரு கரிய கோடு ஓடும். சிறுத்தைக்கு அஃது இல்லை. சிவிங்கியின் தலை சிறியது, கால்கள் நெடியன, இடை ஒடுங்கி, வேட்டைநாயின் வடிவை நினைப்பூட்டும். சிறுத்தை நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதால் அதன் காற்சுவட்டில் நகக்குறி விழுவதில்லை. சிவிங்கி தன் நகங்களை முற்றும் மறைக்க இயலாதாகையால் குறி விழும். நாயின் சுவட்டிலும், கழுதைப்புலியின் சுவட்டிலும் அங்ஙனமே விழுமாதலால், சுவடு ஒன்றைமட்டும் கொண்டு முடிவு கட்டிவிடுதல் ஆகாது.

நிற்க. சிவிங்கி வடக்கே பஞ்சாப் முதல் தெற்கே திருநெல்வேலி வரை பரவியிருந்தது. அதற்கு வேண்டுவன அடர்ந்த காடும் உயர்ந்த மலையும் அல்ல. மழை குறைந்த வெளிகளும், ஆங்காங்கே முட்புதர்களும், மேயும் வெளிமான் கூட்டங்களுமே. சிவிங்கிக்கும் வெளிமானுக்கும் உள்ள தொடர்பு பிரிக்கலாகாதது. இன்று நம் நாட்டுத் தென்பகுதியில் வெளிமானைக் காண விழைவோர் கோடியக்கரைக்கோ, வல்லநாட்டுக்கோ, சென்னைக் கிண்டிக்கோ செல்ல வேண்டியிருக்கிறது. மானை இழந்த வெளியில் மானை உண்டு வாழ்வது எங்ஙனம் நிற்கும்?

அரசர்கள் இவ்விலங்கை வேட்டைக்குப் பழக்கினர். கண்களை மறைத்துக் குல்லாயிட்டு, மாட்டு வண்டியில் ஏற்றிச் செல்வர். வண்டிகளைக் கண்டு பழகிய வெளிமான்கள் அஞ்சியோடா. அணுகியபின் குல்லாயை நீக்கிச் சிவிங்கியை அவிழ்த்துவிடுவர். தம் தந்தை அக்பர் ஆயிரம் சிவிங்கிகளைச் சேர்த்து வைத்திருந்தார் என்றும், அவை இணைந்து குட்டி ஈனவேண்டுமென எவ்வளவு விரும்பியும் அது கைகூடவில்லை என்றும் ஜஹாங்கீர் எழுதிவைத்துள்ளார். இவ்வொரு செய்தியிலேயே சிவிங்கியின் அழிவுக்குரிய காரணம் பெரிதும் அடங்கியுள்ளது. கொட்டடியில் குட்டி பிறவாமையால், அரண்மனையில் இறந்த ஒவ்வொன்றுக்கும் ஈடாகக் காட்டினின்று ஒன்றைப் பிடிக்கவேண்டியதாயிற்று. தாயிடம் வேட்டை பயின்று வளர்ந்ததே வேட்டைக்கு உதவுமாகையால், பருவமெய்தியவற்றையே கண்ணியிட்டுப் பிடித்தனர். ஈனத்தக்கவற்றை ஆண்டுதோறும் கவர்ந்து செல்லின் எக்கூட்டந்தான் நிலைபெறும்?

நம் சென்னைக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. சென்னைக் கோட்டையில் கவர்னராய் இருந்த ஜார்ஜ் பிகாட், தாயகம் திரும்பியபின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சிவிங்கி ஒன்றைக் காணிக்கையாக அளித்தார். 1764இல் விண்ட்ஸர் வனத்தில் அதனை ஓர் ஆண்மான்மேல் ஏவிப் பார்த்தனர். அம்மான் கொம்பை நீட்டி எதிர்த்து நிற்கவே, சிவிங்கி பின்வாங்கிற்று. ஓடும் மானைத் துரத்துதல் அதன் இயல்பேயன்றி, எதிர்த்து நிற்பதோடு பொருதல் அதன் இயல்பன்று. ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்னும் ஓவியர் அச்சிவிங்கியையும், உடன்சென்ற இந்தியப் பணியாளர் இருவரையும் தீட்டிய படம் இன்றும் மான்செஸ்டர் நகரத்து ஓவியசாலையில் உள்ளது. கன்னத்துக் கரிய கோடும் தனித்தனிப் புள்ளிகளும் அதில் தெளிவாய்த் தோன்றுகின்றன. நிழற்படம் தோன்றுமுன் வரைந்த அப்படம், பல வேட்டைக் குறிப்புகளைவிடச் சிறந்த சான்று என்பது என் கருத்து.

இனிச் சிவிங்கியின் முடிவுக்கு வருவோம். 1947இல், இப்போது சத்தீஸ்கர் ராஜ்யத்தில் அடங்கிய கொரியா சமஸ்தானத்து மகாராஜா ராமானுஜ பிரதாப சிங் தேவ், இரவில் மோட்டார் வண்டியிற் செல்கையில் மூன்று ஆண் சிவிங்கிகளைச் சுட்டு வீழ்த்தினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ் அச்செய்தியை வெளியிட்டபோது, இதழாசிரியர்கள் தம் அருவருப்பை மறையாது எழுதினர். இந்தியாவில் ஐயமறப் பதிவான இறுதிச் சிவிங்கிகள் இவையே என நூல்கள் கூறுகின்றன. 1952இல் இவ்வினம் இந்தியாவில் அற்றுப்போயிற்று என அறிவிக்கப்பட்டது.

ஆயின் அதே 1952இல் அதே இதழில் மற்றொரு சிறு குறிப்பும் வெளிவந்தது. எழுதியவர் கே. எம். கிர்க்பாட்ரிக். சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்த சித்தூர் ஜில்லாவில் சிவிங்கி ஒன்று காணப்பட்டதை அவர் அதில் பதிவு செய்தார். 1953இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அந்த ஜில்லா நம் எல்லைக்கு அப்பாற் சென்றது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அவ்வறண்ட எல்லைப்புறம் நம் வட ஆர்க்காட்டு வெளிகளின் தொடர்ச்சியே. இங்ஙனம், ஓர் இனம் ஒழிந்ததெனச் சாற்றிய ஆண்டிலேயே, அது நம் அண்டையில் உலவியதாக ஒருவர் சாட்சி பகர்ந்தார்.

இவ்விரு பதிவுகளையும் அருகருகே வைத்து நோக்குக. கொன்றவருக்கு மூன்று உடல்கள் சாட்சி நின்றன. ஆகவே அவர் கூற்றை மறுப்பார் இலர். கண்டவருக்கோ தம் கண்களே சாட்சி. வரலாறு கொன்றவரை 'இறுதி' என்று பெரிய எழுத்தில் எழுதியது. கண்டவரை அடிக்குறிப்பில் வைத்தது. இது நேர்மையன்று என்று எடுத்த எடுப்பிற் சொல்லத் தோன்றும். எனினும் இயற்கைநூலார் மேற்கொண்ட எச்சரிக்கையையும் பழித்தல் கூடாது. சிறுத்தையைச் 'சீட்டா' என்று வழங்கிய நாட்டில், கண்டேன் என்பார் கூற்றை எல்லாம் ஏற்றுக்கொண்டால், அழிந்துபோன இனத்தை ஏட்டில் மட்டும் வாழவைத்தவராவோம். குறை எச்சரிக்கையில் இல்லை. அக்குறிப்பு தோன்றுமுன் ஐம்பது ஆண்டுகளாக இவ்வெளிகளில் சிவிங்கியைக் கண்ட உழவரும் இடையரும் பலர் இருந்திருக்க வேண்டும். அவர்களை வினவி எழுதிவைப்பார் ஒருவரும் முன்வராமையே குறை. பல சாட்சியங்கள் ஒன்றையொன்று தாங்கியிருப்பின், இறுதிச் சாட்சி தனியே நின்று தடுமாற நேர்ந்திராது.

இதே வழக்கு உலகின் மறுபுறத்திலும் நடந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் மெக்ஸிகோவுக்கும் இடையேயுள்ள பாலை எல்லையில் 'ஜாகுவார்' என்னும் பெரும் புள்ளிப்பூனை முன்னாளில் திரிந்தது. வளையங்களின் நடுவே சிறு புள்ளிகளும் அமைந்திருப்பது சிறுத்தையினின்று அதனைப் பிரித்துக்காட்டும். அரிஸோனாவில் 1963இல் பெண் ஜாகுவார் ஒன்று சுடப்பட்டபின், அங்குப் பெண் காணப்படவேயில்லை. 1996 மார்ச்சு மாதத்தில் வார்னர் கிளென் என்னும் மாட்டுப்பண்ணையாளர் மலைச்சிங்க வேட்டைக்குச் சென்றபோது, அவர்தம் நாய்கள் பாறையொன்றின்மேல் வளைத்து நிறுத்தியது ஜாகுவாராய் இருந்தது. அவர் கை துப்பாக்கியை நாடவில்லை; நிழற்படக் கருவியை நாடிற்று. கொரியாவில் நிகழ்ந்ததையும் இதையும் ஒப்பிடின், ஐம்பதாண்டு இடைவெளியில் மனிதர் மனம் அடைந்த மாற்றம் புலப்படும். மறு ஆண்டிலேயே, ஐக்கிய நாடுகளின் எல்லைக்குள்ளும் அவ்விலங்குக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது.

அங்குக் கைக்கொண்ட முறை நாம் கற்கத்தக்கது. ஒரு ஜாகுவாரின் புள்ளியமைப்பு மற்றொன்றுக்கு இராது. மனிதர் கைரேகை போன்றது அது. விலங்கு நடமாடும் வழிகளில் தானே படமெடுக்கும் கருவிகளைக் கட்டிவைத்து, கிடைத்த படங்களின் புள்ளிகளை ஒத்துப்பார்த்து, இன்னது இன்ன விலங்கு என வரையறுத்தனர். 2011 முதல் 2015 வரை அரிஸோனாவில் படமான ஓர் ஆண் ஜாகுவாருக்கு டூசான் நகரத்துப் பள்ளி மாணவர் 'எல் ஹெஃபே', அதாவது 'தலைவன்', எனப் பெயர் சூட்டினர். அதன்பின் அது மறைந்தது. இறந்ததென்றே பலர் கருதினர். 2021இல் மெக்ஸிகோவின் சோனோராப் பகுதியில் ஒரு கருவியில் மீண்டும் அதன் உருவம் விழுந்தது. புள்ளிகளை ஒப்பிட்டபோது அதே தலைவன்தான் எனத் துணியப்பட்டது. இரு நாட்டரசினர் எல்லையில் சுவரெழுப்பிப் பூசலிட்ட காலத்தில், இவ்விலங்கு அனுமதிச்சீட்டு ஏதுமின்றிப் போய்வந்தது!

ஆசியச் சிவிங்கி இன்று ஈரான் நாட்டுப் பாலைகளில் மட்டுமே, விரல்விட்டு எண்ணத்தக்க தொகையில் எஞ்சியுள்ளது. நம் நாட்டிலோ 2022 செப்டம்பர் 17இல் நமீபியாவினின்று 8, 2023 பிப்ரவரி 18இல் தென்னாப்பிரிக்காவினின்று 12 எனச் சிவிங்கிகளைக் கொணர்ந்து, மத்தியப்பிரதேசத்துக் கூனோ வனத்தில் விட்டனர். சில இறந்தன, குட்டிகளும் பிறந்தன. அவற்றுட் சில வன எல்லையைக் கடந்து கிராமத்து வயல்களிலும் தோன்றியதுண்டு. எழுபது ஆண்டு மறந்திருந்த பாடத்தை அங்குள்ள உழவர் மீண்டும் கற்க வேண்டியவராயினர்.

இனி நம் மலையடிவாரத்துச் சிறுவனிடம் திரும்புவோம். அவனிடம் முதலில் "புலியா?" என்று வினவுதல் தவறு, வினாவிலேயே விடையை ஊட்டிவிடுகிறோம். அவன் கண்ட உயரத்தைத் தன் ஆட்டோடு ஒப்பிட்டுச் சொல்லச் செய்க. வால் உடம்பிற் பாதியோ, முழுமையோ? உடம்பில் கோடா, வளையமா, புள்ளியா? அது நடந்ததா, ஓடிற்றா, மரமேறிற்றா? அவன் நின்ற இடத்துக்கும் அதற்கும் எத்தனை அடி? வெளிச்சம் எவ்வளவு இருந்தது? பின்னர், காற்சுவடு கலையுமுன் சென்று, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்து, நாளும் நேரமும் இடமும் எழுதிவைத்து, வனத்துறையினரிடம் சேர்க்க. கையில் செல்பேசி இல்லாத மாணவர் இந்நாளில் அரியராதலால், கருவியில்லை என்னும் சமாதானம் செல்லாது. ஊரைக் கூட்டித் தேடப்போவதோ, பெருந்தீங்கு; அஞ்சிய சிறுத்தை மனிதரைக் காயப்படுத்துவதும், கூடிய மனிதர் அதனை அடித்துக்கொல்வதும் பெரும்பாலும் அத்தகைய கூட்டங்களிலேயே நிகழ்கின்றன.

அவன் கண்டது மிகச் சிறியதாய், பழுப்புச் சாம்பல் உடம்பில் துருநிறப் புள்ளிகளை உடையதாய் இருந்ததெனில் இன்னும் கூர்ந்து வினவுக. உலகத்துக் காட்டுப்பூனைகளுள் மிகச் சிறியவற்றுள் ஒன்றான அது, வளர்ந்தபின்னும் ஒன்றரைக் கிலோ எடைக்குமேல் பெரும்பாலும் செல்வதில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் நேபாளத்திலும் மட்டும் உள்ளது. 1831இல் பிரெஞ்சு இயற்கைநூலார் ஜாஃப்ருவா சேந்திலேர் அதனை முதன்முதல் உலகுக்கு அறிவித்தது, சின்னசேலத்துக்குக் கிழக்கே ஒரு பகற்பயணத்தில் எட்டும் புதுச்சேரியினின்று சென்ற ஒன்றைக் கொண்டுதான்.