அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

தமிழ்நாட்டில் பழைய வீடு வாங்குவோருக்குச் சிக்கல் பெரும்பாலும் அட்வான்ஸ் கைமாறிய அன்றே தொடங்கிவிடுகிறது. ஆகவே அதற்கு முந்தைய வேலைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

செய்ய வேண்டியவை

• கையில் எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன் தரும். மீதி 12 லட்சம் உங்களுடையது. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதற்கு இன்னொரு 5.4 லட்சம். இதை வங்கி கடனில் சேர்க்காது.

• வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். 30 ஆண்டுகளுக்காவது பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு பதிவுக்கும் உரிய பத்திரத்தை விற்பவரிடம் கேளுங்கள்.

• அசல் பத்திரங்களைக் கண்ணால் பாருங்கள். பத்திரத்தை யாரிடமாவது கொடுத்து, பதிவு செய்யாமல் கடன் வாங்கியிருந்தால் அது வில்லங்கத்தில் வராது. "அசல் ஊரில் இருக்கு, ஜெராக்ஸ் போதும்" என்று சொன்னால், அசல் வரும்வரை பேச்சை நிறுத்திவையுங்கள்.

• பூர்வீக வீடா? வாரிசுச் சான்று கேளுங்கள். உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு உண்டு என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டம். "தங்கச்சி எதுவும் கேட்கமாட்டாள்" என்ற உறுதிமொழியை ஏற்காதீர்கள். அந்தத் தங்கை பத்திரத்தில் கையெழுத்திடட்டும். வழக்குக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அது அவளுடைய பங்கு.

• பட்டாவில் யார் பெயர் என்று பாருங்கள்.

• சென்னை என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

செய்யக்கூடாதவை

• "இன்னொரு பார்ட்டி பணத்தோடு நிற்கிறது" என்று தரகர் அவசரப்படுத்தினால் டோக்கன் அட்வான்ஸை எடுத்து நீட்டாதீர்கள். பத்திரம் பார்க்க ஒரு வாரம் தராதவரிடம் வீடு வாங்காமல் இருப்பதே நல்லது.

• ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியே கொடுத்து, கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

• விற்பவர் தரும் வக்கீல் கருத்தோடு திருப்தி அடையாதீர்கள். உங்களுக்கென்று ஒரு வக்கீல் பார்க்கட்டும்.

• பவர் வாங்கியவரிடம் மட்டும் பேசி முடிக்காதீர்கள். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது. உரிமையாளரை நேரில் பாருங்கள், முடியாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது பேசிவிடுங்கள்.