முற்றத்துத் தொலைநோக்கி

இரவு வானில் ஒளிர்வன அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. பெரும்பாலானவை கண்சிமிட்டுவனபோல் மின்னுகின்றன; ஒரு சில மட்டும் சிமிட்டாது அமைதியாக ஒளிர்கின்றன. முன்னவை விண்மீன்கள், பின்னவை கோள்கள். கோள்களுள் மிகப் பெரியது வியாழன்; அதற்கு அடுத்தது சனி. வியாழனின் குறுக்களவு ஏறத்தாழ 1,43,000 கிலோமீட்டர். பூமியின் குறுக்களவைப்போல் அது 11 மடங்காகும். சனியின் குறுக்களவு, வளையங்களை நீக்கி, ஏறத்தாழ 1,20,500 கிலோமீட்டர்.

இவ்விரு கோள்களும் பெரும்பாலும் நீரியம், ஈலியம் என்னும் வளிகளால் ஆனவை. கால் ஊன்றி நிற்பதற்குரிய தரை அவற்றில் இல்லை. நாம் காணும் வியாழனின் முகம் முழுவதும் மேகமே. அம்மேகங்கள் பட்டை பட்டையாக ஓடுகின்றன, சுழல்கின்றன, நிறம் மாறுகின்றன. நிலவை ஒருமுறை படம்பிடித்தால் அப்படம் பல்லாண்டுகளுக்குப் பயன்படும். வியாழனின் படமோ சில நாள்களிலேயே பழைய செய்தியாகிவிடும். ஆதலின் அதனை இடைவிடாது நோக்குவோர் பலர் வேண்டும். பேராய்வுக்கூடங்களுக்குப் பணிகள் பல. ஒரே கோளை இரவுதோறும் நோக்க அவற்றிற்கு இயலாது. அவ்விடத்தை நிரப்புவோர், வீட்டு முற்றத்தில் சிறு தொலைநோக்கி வைத்து ஆராயும் ஆர்வலர்களே.

அவர்கள் பணி எளிதன்று. வியாழன் நமக்கு மிக அண்மையில் வரும்போதும் ஏறத்தாழ 60 கோடிக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றது. அப்போது அதன் தோற்றம் முழுமதியின் அகலத்தில் 40-இல் ஒரு பங்கு அளவே. மேலும், நம் தலைக்குமேல் உள்ள காற்று ஓயாது அசைகின்றது. ஓடும் நீரின் அடியில் கிடக்கும் கூழாங்கல் நெளிவதுபோல், அசையும் காற்றினூடே கோளின் உருவமும் நெளிகின்றது.

இத்தடையை வெல்லும் வழியைக் கணிப்பொறி தந்தது. 200 மில்லிமீட்டர் அகலமுள்ள ஆடி பொருந்திய தொலைநோக்கியில் ஒரு சிறு ஒளிப்படக் கருவியை இணைக்கின்றனர். நொடிக்கு 100 படம் வீதம் இரண்டு நிமிடம் எடுத்தால் 12,000 படங்கள் கிடைக்கும். அவற்றுள் காற்று சற்றே அடங்கிய கணங்களில் விழுந்த படங்கள் மட்டும் தெளிவாக இருக்கும். உழவர் முறத்திலிட்டுப் புடைத்துப் பதரை நீக்கி மணியைக் கொள்வதுபோல், அத்தெளிந்த படங்களைக் கணிப்பொறி தேர்ந்தெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றது. கருவியால் விளையும் மாசு படந்தோறும் வெவ்வேறிடத்தில் விழும். கோளின் உருவமோ எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் அமையும். ஆகவே, அடுக்க அடுக்க மாசு தேய்ந்து உருவம் துலங்குகின்றது. எனினும், காலத்தை நீட்டித்தல் கூடாது. வியாழன் 10 மணி நேரத்திற்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுவதால், படமெடுக்கும் பொழுது நீளுமாயின் மேகங்கள் இடம்பெயர்ந்து உருவம் மங்கும்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு நம் தென்தமிழ்நாடு மிக ஏற்ற இடமாகும். விருதுநகர் மாவட்டத்திலுள்ள ஏழாயிரம்பண்ணையைச் சான்றாகக் கொள்வோம். கரிசல் மண் சூழ்ந்த அவ்வூர் தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. அத்தொழில்களுக்குத் துணைசெய்யும் மழைகுறைந்த வறண்ட வானிலை, கோள்களை நோக்குவார்க்கும் துணைசெய்கின்றது. அதனினும் சிறந்த நலம் ஒன்று உண்டு. அவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் அமைந்துள்ளது. ஆதலின் கோள்கள் அங்கு வானின் உயரத்தில் செல்கின்றன. 2018-ஆம் ஆண்டில் சனி, இலண்டன் மாநகரின் வானில் உச்சநிலையிலும் அடிவானிலிருந்து ஏறத்தாழ 16 பாகையே எழுந்தது. ஏழாயிரம்பண்ணையிலோ ஏறத்தாழ 58 பாகை உயர்ந்து நின்றது. உயரத்தில் நிற்கும் கோளின் ஒளி குறைந்த காற்றையே கடந்து வருதலின், அதன் உருவம் மிகுதியாகக் கலங்குவதில்லை. ஆயினும், பகலில் காய்ந்த காரைமாடி இரவில் வெப்பத்தை உமிழும். எனவே தொலைநோக்கியைத் திறந்த மண்தரையில் முன்னதாகவே வைத்து ஆறவிடுதல் நன்று. பகலில் அதனை ஞாயிற்றின் பக்கம் திருப்புதல் கூடவே கூடாது, கண்ணொளி அழியும்.

பிலிப்பைன்சு நாட்டுச் செபு நகரமும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 10 பாகையளவில் உள்ளது. அந்நகரில் வாழும் கிறித்தோபர் கோ என்னும் ஆர்வலர், வியாழனில் வெண்மையாயிருந்த ஒரு பெருஞ்சுழல் செந்நிறம் பெற்றிருத்தலை 2006-ஆம் ஆண்டில் தம் படத்தால் உலகிற்கு அறிவித்தார். ஆத்திரேலிய நாட்டு ஆர்வலர் அந்தோணி வெசுலி, 2009-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 19-ஆம் நாள் இரவு வியாழனைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். வானிலை சீர்கெடவே பணியை நிறுத்திவிடலாமா என எண்ணினார். எனினும், சற்று ஓய்ந்து மீண்டும் தொடர்ந்தார். அப்பொழுது கோளின் தென்முனையருகே புதியதொரு கருமறுவைக் கண்டார். அது விண்பொருள் ஒன்று மோதியதால் விளைந்த வடு. அவர் தந்த செய்தியின்பேரில் அவாய்த் தீவின் பெருந்தொலைநோக்கி வியாழன்பால் திரும்பிற்று. மறுஆண்டு சூன் 3-ஆம் நாள் வியாழனில் தோன்றி மறைந்த ஒளிக்கீற்று ஒன்றை, வெசுலியும் கோவும் தத்தம் நாட்டிலிருந்தே பதிவுசெய்தனர். இருவர் படத்திலும் காணப்பட்டமையால் ஐயம் அகன்றது.

வானாய்வில் நோக்கும் இடமும் சிறப்புடையது. 1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் யுரேனசு என்னும் கோள் ஒரு விண்மீனை மறைத்தது. அந்நிகழ்ச்சியின்போதுதான் அக்கோளுக்கு வளையங்கள் உண்டு என்பது வெளிப்பட்டது. அன்று அவ்விண்மீனின் ஒளி மங்கியதைப் பதிவுசெய்த இடங்களுள் நம் சவ்வாது மலையிலுள்ள காவலூரும் ஒன்று. நமக்கு இரவாகும்பொழுது அமெரிக்க நாட்டில் பகல். அந்நேரத்தில் வியாழன் காட்டும் முகத்தை அங்குள்ளோர் காண இயலாது, இங்குள்ளோரே காணவேண்டும்.

ஆராய்வார்க்குக் கருவியினும் இன்றியமையாதன இரண்டு உள. ஒன்று பொறுமை, மற்றொன்று வாய்மை. படத்தை அழகுபடுத்தும் ஆசையால் இல்லாத கோட்டை உண்டாக்குதல் கூடாது. எடுத்த நாளையும் நேரத்தையும் பிழையின்றிக் குறித்தல் வேண்டும். அவ்வாறு குறித்த படம், சிற்றூரின் முற்றத்தில் எடுத்ததாயினும் அறிவியலின் ஏட்டில் இடம்பெறும்.